இருபத்திரண்டு நிமிஷம் விழுங்கிய கம்ப்யூட்டர்

அன்புள்ள தம்பி மகன் ஜோஸ்வாவுக்கு,

நெய்வேலியிலிருந்து அத்தை சகாயமேரி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கு யாவரும் நலம். உங்கள் வீட்டையும் கர்த்தர் ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பாராக.

உன் ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை "அத்தைக்குப் பொழுது போகும்" என்று கொடுத்தாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், நீ கேட்டபடி உன் கல்யாண போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் காப்பி எடுக்கப் போட்டேன். அது பாட்டுக்குக் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் பெரியண்ணன் என்பவர், மகள் தமிழ்நிலாவோடு ஓடி வந்தார். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. சாதிச் சான்றிதழ் அப்போதுதான் கைக்கு வந்ததாம். "நீங்க பாத்துக்கினா போதுங்க டீச்சர்" என்று விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவள் சும்மா இருப்பேனா? "அவசரப்படாதே, எழுத்து எழுத்தாகப் பார்" என்று அவள் அப்பா பெயரையே மூன்று தடவை படிக்கவைத்தேன். நடுவில், சுரங்கத்தில் நிரந்தர வேலையில் இருக்கும் எதிர்வீட்டு இருதயசாமி ஜெனரல் ஷிப்ட் முடிந்து வந்தார். கம்ப்யூட்டரில் மணி நாலு முப்பத்து மூன்று.

"என்னங்க, பர்மனென்ட்னா இவ்ளோ சீக்கிரம் வூட்டுக்கு வந்துடலாமா?"

"வழக்கமா வர்ற நேரந்தாங்க டீச்சர்."

"ஓ, வழக்கமாவே இப்படித்தானா?"

மனிதர் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு முப்பத்தெட்டுக்கு அனுப்பும் பட்டனை அழுத்தினோம். 'நேரம் முடிந்துவிட்டது' என்று வந்தது. திரும்பவும் அழுத்தினோம். அதே பதில்தான்.

ரிப்பேர் பார்க்கும் அன்புச்செல்வன் மறுநாள் வந்து சொன்னான்: "டிஸ்க்குல வேலை அதிகமானா இந்தப் பழைய மிஷின் நேரத்தை விட்டு விட்டுத்தாங்க எண்ணும்." வகுப்பில் சொல்வதுபோல உனக்குச் சொல்கிறேன். பெல் அடிக்கும் பியூனைப் பெஞ்சு தூக்க அனுப்பினால் பெல் அடிக்காது. அதற்காக நேரம் நிற்குமா? உன் கல்யாணப் பந்தி வீடியோவுக்காக மிஷின் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிஷம் போனது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போனது. பெரியண்ணன் "பரவால்லீங்க டீச்சர்" என்றார். திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும். குற்றம் முழுக்க உன்னுடையது, உன் மிஷினுடையது. வந்து எடுத்துக்கொண்டு போ.

உனக்கும் ஷைனிக்கும் என் ஆசீர்வாதம், கோபத்தோடுதான்.

அத்தை
சகாயமேரி

பி.கு.: ஒன்றை எழுதாமல் விட்டேன். இருதயசாமி போன கையோடு தமிழ்நிலா தன் போனைக் காட்டி, "டீச்சர், இதுல நாலு அம்பத்தாறு ஆவுதுங்க" என்றாள். "போனை உள்ளே வை. வேலையில் கவனம் வை" என்று அதட்டினேன். வைத்துவிட்டாள். இன்றுவரை அவள் தன் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.