மேல்வீட்டுத் தண்ணீரும் கீழ்வீட்டுத் தக்காளியும்

மேல்வீட்டுச் செம்பியன் ஒழுகுகிற பைப்பைச் சரிசெய்துவிட்டான். கிச்சாவின் தக்காளிச் செடிகள் அன்றிலிருந்தே தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தன.

இதற்காகக் கிச்சா யாரையும் திட்ட முடியாது. பைப்பைச் சரிசெய்ய வைக்கச் சொல்லி ஆறு மாதமாகக் குடியிருப்போர் சங்கத்தின் உயிரை வாங்கியவரே அவர்தான். மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் அவர் வீடு. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் செம்பியன், தன் அம்மாவோடு மேலே குடிவந்த நாள் முதலாகக் கிச்சாவின் பால்கனியில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. கிச்சா எட்டிப் பார்த்தார். மேல் பால்கனியில் ஒரு ஏசிப் பெட்டி தொங்கியது. அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது?

குடியிருப்போர் கூட்டத்தில் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்றார். "உங்காத்து ஏசித் தண்ணியெல்லாம் எங்க தலையிலதான் விழணுமா?"

செம்பியன் ஒரு நொடி திருதிருவென்று விழித்தான். பிறகு அவசர அவசரமாகத் தலையாட்டினான். "ஆமா சார், ஏசி தண்ணிதான். ஏசி தண்ணியேதான் சார். நாளைக்கே அடைச்சுடறேன்."

இவ்வளவு சுலபமாக ஒருவன் தோற்றுப்போவான் என்று கிச்சா எதிர்பார்க்கவில்லை. பேசுவதற்கென்று தயார் செய்து வைத்திருந்த மீதி வாக்கியங்கள் வீணாகப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

இப்போது வருத்தம் செடி மேல் திரும்பியிருந்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை வேம்பு அத்திம்பேர் சாப்பிட வருகிறார்.

வேம்பு, கிச்சாவின் அக்கா புருஷன். மயிலாப்பூர் மாடவீதிக்காரர். வெங்காயம் பூண்டெல்லாம் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் குடிக்கிற தண்ணீர் அவருடைய சொம்பில் கூடவே வரும். கிச்சா கல்யாணமாகிக் குடித்தனம் வைத்த நாளிலிருந்து, அங்கே எதையும் அவர் நன்றாக இருக்கிறதென்று சொன்னதே கிடையாது. காப்பியைக் கழுநீர் என்பார். காற்று வரும் ஜன்னலைத் திசை சரியில்லை என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன மாதம் பால்கனித் தக்காளியில் வைத்த ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, "பேஷ்டா கிச்சா!" என்றார். கிச்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரிட்டையரான அன்று ஆபீசில் மாலை போட்டு வழியனுப்பியபோதுகூட அவர் இப்படிக் கலங்கவில்லை.

"அடுத்த தடவையும் இதே தக்காளிதான். கடைத் தக்காளியைப் போட்டு ஏமாத்தினா நேக்கு நாக்குலயே தெரிஞ்சுடும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார் அத்திம்பேர்.

கிச்சா முதலில் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். போர் தண்ணீர், ஒரே உப்பு. கத்திரி வெயிலும் அதோடு சேர்ந்துகொள்ள, இலையின் ஓரமெல்லாம் கருகிப்போனது. அடுத்து, குடிக்க வாங்கி வைத்த கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனார்.

"ஏன்னா, இங்க சாதம் வைக்கத் தண்ணி இல்லே. உங்க தக்காளிக்கு மினரல் வாட்டர் கேக்கறதா?" என்றாள் மனைவி சுலோச்சனா.

செடி அதையும் குடித்துவிட்டுப் பூவை உதிர்த்தது.

அப்போதுதான் கிச்சாவுக்குப் பொறி தட்டியது. இத்தனை நாள் செடி குடித்து வளர்ந்தது மேல்வீட்டு ஏசித் தண்ணீரை அல்லவா! உடனே பட்டப்பகலில் தன் படுக்கையறை ஏசியைப் போட்டு, பைப்புக்கு அடியில் வாளியை வைத்தார். ஏசியை நிறுத்தவே விடவில்லை. ஊரே வெந்துகொண்டிருந்த மே மாதத்தில் சுலோச்சனா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீரை ஆய்ந்தாள். சாயங்காலத்துக்குள் தும்மல் பிடித்துக்கொண்டது. வாளித் தண்ணீரை ஊற்றியும் செடி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்மாத்து ஏசி மட்டம். மேலாத்து ஏசி உசத்தி. ஓடற சத்தம் ஒரு நாளாவது கேட்டிருக்கியோ?"

"ஏசித் தண்ணியில என்ன உசத்தி, மட்டம்?" என்று தும்மினாள் சுலோச்சனா. "அது இருக்கட்டும். அந்தத் தண்ணி சொட்டிண்டிருந்தப்போ ஞாயித்துக்கிழமையானா பால்கனியில ஒரு வாடை வருமே, கவனிச்சேளா?"

"அது பட்டினப்பாக்கம் கடல் காத்து. அயோடின். உடம்புக்கு ரொம்ப நல்லது" என்று மூச்சை ஆழமாக இழுத்துக் காட்டினார் கிச்சா.

மறுநாள் மத்தியானம், செம்பியன் வேலைக்குப் போயிருப்பான் என்ற தைரியத்தில், பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி ஸ்பேனரால் மேல்வீட்டுப் பைப்பின் இணைப்பைத் தளர்த்தப் பார்த்தார். இணைப்பு அசையவில்லை. ஸ்டூல் அசைந்தது. அவர் பைப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. செம்பியனுக்கு அன்று லீவு.

"சார்! இன்னும் ஒழுகுதா சார்? சாரி சார்!" என்று அலறியபடி ஓடி வந்தான். அவரைப் பிடித்து இறக்கினான். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பைப்பைச் சுற்றி எம்சீல் பசையை அப்ப ஆரம்பித்துவிட்டான். இனி ஜென்மத்துக்கும் ஒழுகாது போலிருந்தது.

கிச்சாவுக்கு வேறு வழியில்லை. மானத்தை மடித்து வேட்டியில் செருகிக்கொண்டார். "அடைக்காதேப்பா. எடுத்துடு. அந்தத் தண்ணி எனக்கு வேணும்."

செம்பியனின் முகம் வெளுத்தது. "அந்தத் தண்ணியா சார்? கிண்டல் பண்றீங்களா?"

"சத்தியமா இல்லே. அது இல்லாம என் செடி செத்துண்டிருக்கு."

"உங்க வீட்ல... ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களா?"

"இதுல நினைச்சுக்க என்ன இருக்கு? இந்தக் காலத்துல அது இல்லாத ஆம் எது? எங்காத்துலயே தினமும் உண்டு. வெயில் நாள்ல அது இல்லேன்னா எங்காத்து மாமிக்குத் தூக்கமே வராது."

செம்பியன் அந்தக் குடியிருப்பையே இன்றைக்குத்தான் பார்க்கிறவன்போல் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "இது தெரியாம எங்கம்மா ஆறு மாசமா கதவு ஜன்னலெல்லாம் சாத்தியே வச்சிருக்காங்க சார்."

"சாத்தித்தானே ஆகணும்? இல்லேன்னா எல்லாம் வெளியில போயிடுமே!"

செம்பியன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இது கொஞ்சம் அதிகம் என்று கிச்சாவுக்குத் தோன்றியது. ஆனாலும் நல்ல பிள்ளை.

அன்று சாயங்காலமே சொட்ட ஆரம்பித்தது. சனிக்கிழமை செடிகள் நிமிர்ந்தன. ஞாயிறு காலையில், காயாக நின்றதெல்லாம் பழுத்து, ஒரு முறம் நிறையச் சிவப்புப் பழங்கள் வந்து இறங்கின. கிச்சா அவற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கி, அத்திம்பேர் உட்காரும் இடத்துக்கு எதிரே வைத்தார்.

அத்திம்பேர் சொம்போடு வந்தார், சாப்பிட உட்கார்ந்தார். மூன்றாவது முறையாக ரசத்துக்குக் கையைக் குழித்து நீட்டினார்.

"டேய் கிச்சா, என் ஆயுசுல இப்படி ஒரு ரசம் சாப்பிட்டதில்லேடா. என்ன உரம் போடறே?"

அந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடும்! கிச்சா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உரமே கிடையாது அத்திம்பேர். மேலாத்து ஏசித் தண்ணி மட்டும்தான். காத்துலேர்ந்து வர ஜலம். மனுஷா கை படாதது."

"அதானே பார்த்தேன். சுத்தம்னா என் நாக்கு சொல்லிடும்" என்று அத்திம்பேர் உறிஞ்சினார்.

அழைப்புமணி அடித்தது. சுலோச்சனா கதவைத் திறந்தாள். செம்பியனின் அம்மா முத்தம்மா, தட்டால் மூடிய ஒரு வாளியோடு, மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் படியிறங்கி வந்து நின்றாள்.

"பைப்புல சொட்டு சொட்டா வுட்டா செடிக்கு எங்க பத்தும்னு நானே எடுத்தாந்துட்டேன் சார். நீங்க தண்ணி கேட்டீங்கன்னு புள்ள வந்து சொன்னதுலேர்ந்து மனசு குளுந்து போய்க் கீது. ஆறு மாசமா பயந்துக்கினே இருந்தோம்."

கிச்சாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தேளா அத்திம்பேர்? ஏசித் தண்ணியைக் கையோட தூக்கிண்டு வந்திருக்கா!"

"ஏசியா? எங்க வூட்ல ஏது சார் ஏசி? அந்தப் பொட்டி முன்னாடி இருந்தவங்க வுட்டுட்டுப் போனது" என்றபடி முத்தம்மா தட்டைத் திறந்தாள். "இது வஞ்சிரம் கழுவுன தண்ணி."