இறைச்சிக் காக்காவின் ஞாயிற்றுக்கிழமை மிருகங்கள்

'யெஸ்', 'நோ', 'தேங்க்யூ' என்ற மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு ஆபிரிக்காக் கண்டம் முழுவதையும் தமிழுக்குக் கொண்டுவந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கல்முனைக்குடி இறைச்சிக் காக்கா. அந்த மூன்று சொற்களிலும் 'நோ'வை அவர் பாவித்து நான் கேட்டதேயில்லை.

அவருக்கு வாப்பா உம்மா வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்திருக்கும். எங்கள் ஒழுங்கைக்கு அது தேவைப்படவில்லை; இறைச்சிக் கடை வைத்திருந்தார், எல்லோருக்கும் மூத்தவர், அதனால் காக்கா, அதாவது அண்ணன். விடியச் சுபஹு தொழுதுவிட்டுக் கடைக்குப் போனால் பத்து மணிக்கு முன் இறைச்சி முடிந்துவிடும். பிறகு வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் முக்கால் மணித்தியாலம் குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, அத்தர் பூசிக்கொண்டு வெளியே வருவார். அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். காலையில் கத்தியும் கையுமாக நின்றவர், பின்னேரம் ரீவியில் ஒரு மான்குட்டி நொண்டினால் சால்வையால் கண்ணைத் துடைப்பார்.

"காலம அறுக்கிறீங்க, பின்னேரம் அழுறீங்க. இது என்ன கூத்து காக்கா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

"நான் அல்லாஹ்ட பேர்ல பிஸ்மி சொல்லி அறுக்கிறன். மானப் புடிச்ச அந்தப் புலி சொல்லிச்சா?" என்றார் காக்கா.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம் அது. பொழுது சாய்ந்தால் வெளியே திரிய யாருக்கும் மனம் வராத காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் அசர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில் ரீவியில் மிருகங்களின் வாழ்க்கையைக் காட்டுவார்கள். பிறந்ததில் தொடங்கி, வளர்ந்து, சோடி சேர்ந்து, குட்டி போட்டு, சாகிற வரைக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் ஒழுங்கையில் ஒழுங்காகப் படம் தெரிகிற கலர் ரீவி காக்காவின் வீட்டில்தான் இருந்தது. 'காக்காவின் வீடு' என்றது வாய்ப் பழக்கம். வீடு அவருடைய ஒரே மகள் பரீனாவுடையது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்னால் ஓர் அறையைக் கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். காக்காவும் அப்படித்தான் ஒதுங்கியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தவிர.

அன்றைக்கு நடு ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் அவருடைய கதிரை போடப்படும். ஆண்கள் பாயில், பெண்கள் அறைக்குள் பாதி விலக்கிய திரைச் சீலைக்குப் பின்னால். ஆங்கிலக்காரன் தொண்டையைச் செருமுவதற்கு முன்பே காக்கா செருமிவிடுவார்.

சிங்கங்கள் வந்த நாளை ஒழுங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தடியில் பெண் சிங்கங்கள் கூட்டமாகப் படுத்திருந்தன. சற்றுத் தள்ளி பிடரிமயிரோடு ஒரு பெரிய ஆண் சிங்கம் கொட்டாவி விட்டது.

"பாருங்க, இந்தப் பொம்புளச் சிங்கமெல்லாம் ஒரே குடும்பம். உம்மா, மகள், சாச்சி எல்லாரும் இரிக்காங்க. காடு அவங்கட பேர்ல. அங்கால படுத்திரிக்கிறவர் வெளியூர் மாப்பிள்ள. சீதன வீட்டுக்கு வந்திரிக்கார். வேட்டைக்கும் போறல்ல, வேலைக்கும் போறல்ல. சாப்பாடு வந்தா மட்டும் முதல் ஆளா வந்து குந்துவார்."

திரைக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. பாயில் இருந்த மாப்பிள்ளைமார் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூரை ஓடுகளை எண்ணுகிற ஆசை வந்துவிட்டது. காக்காவின் மருமகனோ வெளியே அன்டெனாக் கம்பத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நின்றார். கடல் காற்றுக்கு அது எந்த நேரமும் திரும்பிவிடும். உள்ளே நடப்பது தெரியாமல், "இப்ப கிளியரா மாமா?" என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

"நல்லாத் தெரியிது மகன்! நீங்க படுத்திரிக்கிறீங்க!"

அன்றைக்குப் பரீனா சிரித்துச் சிரித்துக் குசினிக்குள் ஓடியதை என் ராத்தா, அதாவது அக்கா, ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தா.

தொழில் ரீதியான விமர்சனமும் உண்டு. சிங்கம் மானைப் பிடித்தால், "தொடைய விட்டுட்டு வயித்தில தொடங்குறான் பாருங்க, வேலை பழகாதவன்" என்பார். ஒட்டகச் சிவிங்கியை முதன்முதலாகப் பார்த்த அன்று அதன் கழுத்தை மேலிருந்து கீழாகக் கண்ணால் அளந்தார். கடைசியில், "இவண்ட கழுத்து வேல முடிய பகல் லுஹர் ஆகும்" என்று பெருமூச்சு விட்டார்.

பென்குயின் வந்த நாள்தான் கொஞ்சம் வேறு. பனிக்காற்றில் ஆண் பென்குயின் முட்டையைக் காலின்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. காக்கா, "மனுசி இல்ல. இவர் தனியா நிண்டு வளர்க்கிறார்" என்றார். பரீனா பிறந்து மூன்றாம் நாள் அவருடைய மனைவி மௌத்தாகிவிட்டா. எத்தனையோ பேர் கேட்டும் அவர் இரண்டாவது கலியாணம் செய்யவில்லை. "அந்தாளுக்கு எல்லாரும் ஒரு சலாம் சொல்லுங்க" என்றார் காக்கா. முப்பது பேர் ஒரே குரலில் ஒரு பென்குயினுக்குச் சலாம் சொன்னோம்.

நான் அப்போது கம்பஸில் ஆங்கிலம் படித்து முடித்துவிட்டு ஆசிரியர் நியமனக் கடிதத்துக்காக வீட்டில் காத்துக்கிடந்தேன். கையில் வேலை இல்லை, வாயில் ஆங்கிலம் மட்டும் இருந்தது. பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு போக இடமில்லாதவனின் நிலைமை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காக்கா விடுகிற பிழைகளை மனதுக்குள் எண்ணுவேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நாக்கு அரிக்கத் தொடங்கியது.

அந்த வருடம் பரீனா வயிற்றுப் பிள்ளையோடு இருந்தா. உம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிடும் என்று அவவுக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. சோறு இறங்கவில்லை, உறக்கம் இல்லை. ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விசயம் இது, எனக்கும் தெரியும். அந்த மாதங்களில் காக்காவின் ரீவியில் எந்தத் தாய் மிருகமும் சாகவில்லை. புலியின் வாயில் தொங்கிய மான், "காயந்தான், மருந்து கட்டினாச் சுகமாயிரும்" ஆனது. வறண்ட குளத்தருகே விழுந்து கிடந்த தாய் யானை, "பகலுறக்கம்" போட்டது. கழுகுகள் வந்து அதைச் சுற்றி இறங்கியபோது, "நலம் விசாரிக்க வந்திரிக்கிதுகள்" என்றார். நானோ அதையும் பிழைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்தவன் அல்லவா!

பரீனாவுக்கு நாள் நெருங்கிய ஒரு ஞாயிறு, எட்டுக் கால் பேய்க்கணவாய் வந்தது. கடலடிக் கல் இடுக்கில் முட்டைகளைத் தோரணமாகத் தொங்கவிட்டு, பக்கத்தைவிட்டு நகராமல், ஒன்றும் தின்னாமல், தண்ணீரை ஊதி ஊதி அவற்றைக் காத்துக் கிடந்தது அந்தத் தாய். நாளாக நாளாக அதன் நிறம் வெளுத்தது. கடைசியில் குஞ்சுகள் பொரித்துப் பஞ்சுபோல மேலே மிதந்து போயின. தாய் சுருங்கிக் கிடந்தது. பரீனா கதவருகே சாய்கதிரையில் இருந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

"புள்ளையளுக்காக நோம்பு புடிச்சிரிக்கா உம்மா," என்றார் காக்கா. "இப்ப புள்ளையளெல்லாம் சுகமாப் போயிட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ். உம்மா களைச்சிப் போய்க் கொஞ்சம் சாஞ்சிரிக்கா. நாளைக்கு எழும்பி கடல்ல திரிவா."

"இல்ல காக்கா," என்றேன் நான்.

ஹோலில் எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை கண்கள் என்மேல் பட்டது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

"அந்த இங்கிலீசுக்காரன் சொல்ற வேற. குஞ்சு பொரிச்சதோட தாய் செத்துப் போகுமாம். இந்த இனத்தில எல்லாத் தாயும் அப்பிடித்தானாம்."

கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. கம்பஸில் விடையை முழுமையாக எழுதினால்தான் புள்ளி கிடைக்கும். அந்தப் பழக்கம்.

சாய்கதிரை கிறீச்சிட்டது. பரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி உள்ளே போனா. என் ராத்தா திரைக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. காக்கா எழும்பிப் போய் ரீவியை நிறுத்தினார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி படிச்சவர். அவர் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த பத்து நாளும் நான் கேட்ட துஆவை எந்தப் பரீட்சைக்கும் கேட்டதில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். ஆஸ்பத்திரியில் பரீனாவுக்கு ஒரு பெண் பிள்ளை, தாயும் சுகம், பிள்ளையும் சுகம். காக்கா வீடு வீடாகக் கற்கண்டு கொண்டுபோனார். எங்கள் வீட்டுக்கும் வந்து என் கையில் ஒரு பிடி வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நம்பிக் கற்கண்டைக் கடித்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அவர் பாயில் இருந்தார். கதிரை காலியாகக் கிடந்தது.

"வாங்க தம்பி, நீங்க இரிங்க. இனி நீங்கதான் சொல்லணும்."

"ஐயோ காக்கா, நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ற? எனக்கு இங்கிலீசு தெரியாதே."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே மரியாதையோடு சொன்னார். நான் உட்கார்ந்தேன். ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். "இவ்விலங்கு ஈரலிப்பான பிரதேசங்களில் இனப்பெருக்கம் செய்கின்றது" என்று நான் சொல்லி முடிக்கும்போது பாயில் இரண்டு பேருக்குக் கொட்டாவி வந்தது. மறு கிழமை கூட்டம் பாதியானது. அதற்கடுத்த கிழமை திரைச் சீலை முழுதாக இழுத்து மூடப்பட்டது. சிங்கக் கதையிலிருந்து தப்பிய சந்தோசத்தில் மாப்பிள்ளைமாராவது வருவார்கள் என்று பார்த்தேன். முதலில் நின்றவர்கள் அவர்கள்தான். நாலாம் கிழமை நானும் காக்காவும் மட்டும். என் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை, கேட்கத்தான் ஆளில்லை.

அன்றைக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பரீனா தேத்தண்ணீர் கொண்டுவந்தா. காக்கா தொழுகைக்கு ஒளு எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார்.

"கோவமா ராத்தா?" என்று கேட்டேன்.

"கோவமில்ல தம்பி. வாப்பாக்கு இங்கிலீசு தெரியாதெண்டு ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியுமெண்டு நினைச்சீங்களா? இந்த ஒழுங்கையில ஆருக்குத் தெரியாது? இங்கிலீசு கேக்கவா ஆக்கள் வந்த?"

அவ பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினா.

"அண்டைக்கு அந்தக் கணவாய் செத்துட்டுதெண்டு எனக்குப் படத்திலயே தெரிஞ்சிச்சு. கடக்கரையில பொறந்தவளுக்கு அது தெரியாதா? ஆனா நாளைக்கு எழும்பும் எண்டு வாப்பா சொன்னாரே, அது எனக்குப் போதும்போல இருந்திச்சு."

அவ பிள்ளையைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டா.

காக்கா வந்து பாயில் அமர்ந்தார். திரையில் ஒரு கடலாமை கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டது. அதன் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. காக்காவுக்கென்றே செய்துவைத்த படம். எனக்கு ஒரு யோசனை வந்தது.

"காக்கா, இவன் ஒரு மாதிரி இங்கிலீசு கதைக்கிறான். எனக்கு ஒண்டும் விளங்குதில்ல. நீங்க சொல்லுங்களன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஆமையைப் பார்த்தார். உதடு அசைந்தது. கதை தொண்டைவரைக்கும் வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"விளங்கும் தம்பி," என்றார் மெதுவாக. "நல்லாக் கவனிச்சிக் கேளுங்க. நீங்க படிச்ச ஆள்."

ஆமை கடலுக்குத் திரும்பிப் போனது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். காக்கா எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொழப் போனார்.

அடுத்த மாதம் எனக்கு நியமனம் வந்தது, தூரத்துப் பள்ளிக்கூடம். லீவில் வரும்போதெல்லாம் கடையில் சலாம் சொல்வார், சுகம் கேட்பார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், ஒவ்வொரு முறையும் இறைச்சியை மட்டும் வாங்கிக்கொண்டு வருவேன். ஒரு நோன்பு மாதத்தில் அவர் மௌத்தான செய்தி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இத்தனை வருடமாகப் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தியே சம்பளம் வாங்கினேன். அவரை மட்டும் திருத்தாமல் விட்டிருக்கலாம். மற்றவர்களோடு மற்றவனாக அந்தப் பாயில் குந்தி, அந்தத் தாய் நாளைக்கு எழும்பி விடுவா என்று நானும் நம்பியிருக்கலாம்.