ரொட்டி மணி

மனோதத்துவத்தை அரைகுறையாகப் படித்தவன் கையில் சைக்கிளைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. பத்தொன்பது வயதில் என்னிடம் இரண்டுமே இருந்தன.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டாலும் பிரெஞ்சுப் படிப்பு இறங்கவில்லை. பள்ளியில் கடைசி வருஷத்துக்குத் தத்துவ வகுப்பு என்று பெயர். அதில் மனோதத்துவமும் ஒரு பாடம். எங்கள் முசியே (பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம், வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவோம், ஆள் என்னவோ முத்தியால்பேட்டைக்காரர்தான்) அதன் வரலாற்றைக் கட்சி கட்சியாகப் பிரித்து நடத்தினார். முதல் கட்சி, உன் மனதை நீயே உற்றுப் பார், உணர்ச்சியைத் துண்டு துண்டாகப் பிரி என்றது. அடுத்த கட்சி, உனக்குத் தெரிவது மேலாப்பில் உள்ள மனம்தான், நிஜமான ஆசை அடியில் ஒளிந்திருந்து கனவில் தலைகாட்டும் என்றது. இன்னொன்று, மனதை யார் கண்டது, நடத்தையை மட்டும் பார் என்றது. நான்காவது, மனம் எதையும் துண்டாகப் பார்க்காது, முழுசாகத்தான் பார்க்கும் என்றது. மற்றவர்கள் இதையெல்லாம் பரீட்சைக்குப் படித்தார்கள். நான் கமலாவுக்காகப் படித்தேன்.

கமலா, நெல்லித்தோப்பில் எங்கள் தெருவின் கோடி வீடு. அவள் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விடப் போகிறார்கள் என்று தெருவில் பேச்சு. அதற்குள் அவள் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. (பார்த்த பிறகு என்ன செய்வதென்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை.)

முதலில் கடற்கரையில் உட்கார்ந்து என் காதலைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். படபடப்பு, தொண்டை வறட்சி, கொஞ்சம் பசி. எல்லாம் இருந்தது, கமலாவைத்தான் காணோம். கனவுக் கட்சிக்கு மாறினேன். கனவில் கமலா வரவில்லை, முசியே வந்தார். அதற்கு அந்தக் கட்சி என்ன அர்த்தம் சொல்லுமோ என்று பயந்து நடத்தைக் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

அந்த வழியை முதலில் காட்டியவர் ஒரு ரஷ்ய விஞ்ஞானி. நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் மணியடித்தாராம். கொஞ்ச நாளில் சோறே வைக்காமல் மணியை அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறியதாம். எனக்கு மூளையில் விளக்கெரிந்தது. கமலா வீட்டில் காலையில் சுடச்சுட ரொட்டிதான், சைகோன் பழக்கம். லூர்து அண்ணன் கூடையில் வைத்துக் கூவிக்கொண்டு வருவார். அவருக்கு நாலடி முன்னால் நான் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனால்? ரொட்டியின் சந்தோஷம் மணிக்கு வரும். மணியின் சந்தோஷம் எனக்கு வரும்.

தினமும் விடிகாலையில் அடித்தேன். அவள் பாதி பின்னிய சடையோடு வாசலுக்கு வருவாள். கண் என்னைத் தாண்டி, பின்னால் வரும் கூடையில் இருக்கும். அந்த முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் அன்று முழுக்க எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது. இன்றைக்கும் அந்தக் காலைகளுக்காக ஏங்குகிறேன்.

லூர்து அண்ணன் புத்திசாலி. "தம்பிதான் அடிச்சிக்கினு போவுதே, நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்தணும்?" என்று கூவுவதையே நிறுத்திவிட்டார். அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அவர்கள் கிளம்பும் நாள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், அன்று சாயங்காலமே சோதனைக்குப் போனேன். சலவைச் சட்டை, முகத்தில் பவுடர். சைக்கிள் கூடையில் புத்தகங்கள், புழுதி படாமல் மேலே ஒரு வெள்ளைத் துண்டு. கோடி வீட்டு வாசலில் நின்று மணியடித்தேன்.

கதவு திறந்தது. அந்த வீட்டுக் கதவு மட்டுமல்ல, தெருவில் அத்தனை கதவும். ஆளாளுக்குக் கூடையும் கையுமாக வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னாப்பா, இனிமே சாயங்காலமும் உண்டா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கமலா வந்தாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, என் துண்டைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டாள்:

"சூடா இருக்குதா?"

அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். என் காது இரண்டும் சூடாகத்தான் இருந்தன. சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. நான் சொன்னேன்: "இல்லீங்க. நாளைக்குக் காலையிலதான்."

அவள் அப்பா முன்னால் வந்தார். "அலோர், அப்படின்னா காலையில ஆறு கொண்டாந்துடு. கப்பல் ஏர்ற வரைக்கும் ரயில்ல ஆவும். கமலாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது."

"சரிங்க முசியே."

வீடு திரும்பும்போதுதான் நான்காவது கட்சி நினைவுக்கு வந்தது. முசியே கரும்பலகையில் மூன்று புள்ளி வைத்து, "என்ன தெரியுது?" என்பார். நாங்கள் முக்கோணம் என்போம். கோடு போட்டது நம் மனம்தான் என்பார். மணி, சைக்கிள், துண்டு போட்ட கூடை. தெரு கோடு போட்டு ரொட்டிக்காரனை வரைந்துவிட்டது. அதற்குள் என் முகத்துக்கு இடமில்லை.

மறுநாள் விடிகாலையில் ரொட்டிக்கடைக்குப் போய் ஆறு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து மணியடித்தேன். கமலா வந்து வாங்கி, சூட்டுக்காக மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அப்பா காசு கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன். அவள் ஏதோ ஒரு ரயில் ஜன்னலோரம் என் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே போயிருப்பாள் என்பதுதான் என் காதலின் உச்சம். ரொம்ப நாள் அதுவே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போதவில்லை.

எங்கள் தெருவில் அதற்கப்புறம் வந்த ரொட்டிக்காரர்கள் எல்லாருமே மணியடித்துத்தான் விற்றார்கள். காலையில் அது கேட்டால் எனக்கு எச்சில் ஊறாது, கண்தான் கோடி வீட்டுப் பக்கம் போகும். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ரொட்டி யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். ஆனாலும் மணி கேட்டால் எழுந்து போய் ஒன்று வாங்கி, ஆறிவிடாமல் துண்டில் சுற்றிக் கொண்டுவருகிறேன். அதை வாங்கிக்கொள்ளும்போது என் மனைவி சிரிக்காமல் கேட்பாள்:

"சூடா இருக்குதா?"