மோப்ப மேஸ்திரி வீட்டில் பின்கட்டு காலி

தன் வீட்டை வாடகைக்கு விடுவதற்காக அதே வீட்டை ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆம்பூரில் இருந்தார். மோப்ப மேஸ்திரி என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தோல் பதனிடும் ஷாப்பில் காலமெல்லாம் உழைத்தவர். வாலிபத்தில் ஒரு தோலை முகர்ந்தே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாராம். பட்டப்பெயர் அப்படி வந்தது. ஓய்வு பெற்றதும் நாலு குடித்தனம் இருக்கும்படி வீடு கட்டினார். கட்டிய இடம், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளை ஒட்டி; பின்கட்டு நேரே தொட்டிப் பக்கம்! முன்கட்டில் அவர், நடுவில் இரண்டு தோல் ஷாப்புக் குடும்பங்கள். பின்கட்டு மட்டும் யார் வந்தாலும் நிலைக்காது. வந்தவர்கள் நாற்றம் தாங்காமல் ஒரு மாதத்தில் மூட்டை கட்டுவார்கள். பெரிய மனிதரின் மனம் நோகக்கூடாதே என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மேஸ்திரி அத்தனையையும் நம்பினார். அடுத்த தடவை தமுக்கு அடிக்கச் சொல்லும்போது அந்தக் குறையையும் சேர்த்துவிடுவார். நான் தந்தியாபீஸ் வேலைக்கு ஆம்பூர் போய் இறங்கியபோது கடைத்தெருவில் கேட்ட விளம்பரம் இது:

"மேஸ்திரி வூட்டுல பின்கட்டு காலி. கெணத்துத் தண்ணி உப்பு. கக்கூசு ஒண்ணு, குடித்தனம் நாலு. நெலைவாசல் குட்டை, தலை இடிக்கும். மேஸ்திரிக்குக் கொறட்டை ஜாஸ்தி. இஷ்டப்பட்டவங்க வர்லாம்."

ஊர் சிரித்தது. எல்லாவற்றையும் சொல்கிறான், நாற்றத்தை மட்டும் மறைக்கிறான், பலே கில்லாடி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு வீடு தேவை. கல்யாணமாகி ஆறு மாதம். வீடு அமர்த்தினால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று காட்பாடியில் மாமனார் பிடிவாதமாக இருந்தார். ஆம்பூரில் வேறு இடம் கிடைக்கவில்லை. மேஸ்திரியோ, வீட்டு அம்மா வந்து பார்த்துச் சரி என்றால்தான் சாவி என்றார்.

மாமனார் மகளோடு ஜட்காவில் வந்து இறங்கினார். இறங்கியவர் மேல்துண்டால் மூக்கைப் பொத்தியவர்தான், கடைசிவரை எடுக்கவில்லை. வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடாதே என்று நான் என் மனைவிக்குக் கண்ணால் கெஞ்சினேன். மேஸ்திரி உப்புத் தண்ணீரில் ஆரம்பித்துக் குறட்டை வரைக்கும் ஒப்பித்துவிட்டு, அவளையே ஆவலாகப் பார்த்தார்.

"அதெல்லாம் பரவால்லீங்க ஐயா," என்றாள் அவள். "நாத்தம்தான் கொடலைப் பொரட்டுது. இத்தை யாருமே உங்க கிட்ட சொல்லலியா?"

போயிற்று வீடு, போயிற்று குடும்பம் என்று நான் சுவரில் சாய்ந்தேன்.

மேஸ்திரி பின்பக்கம் போய், சாக்கடை ஓரம் குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். திரும்பி வந்தபோது முகம் சின்னதாகிவிட்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெர்லியேம்மா," என்றார்.

சுண்ணாம்பும் தோல் ஊறும் மரப்பட்டைத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மூக்கைத் தின்றிருக்கின்றன. மனிதருக்கே அது தெரியவில்லை. கில்லாடி என்று நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் அவர் தன் கட்டிலையும் பெட்டியையும் பின்கட்டுக்கு இழுத்துப் போய்விட்டார். காற்று வரும் முன்கட்டு எங்களுக்கு. நாங்கள் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. "நாத்தம் தெரியாதவன் எங்க இருந்தா இன்னா?" என்றார். மாமனார் துண்டுக்குள்ளிருந்தே தலையாட்டிப் பெண்ணை விட்டுவிட்டுப் போனார்.

மறு வருஷம் எங்கள் மூத்த பெண் பிறந்தாள். மேஸ்திரி குழந்தையை வாங்கி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அந்தத் தலையில் மூக்கை வைத்து வெகு நேரம் முகர்ந்தார். பிறகு தயங்கித் தயங்கி என் மனைவியைக் கேட்டார்.

"எப்பிடிம்மா வாசனை வர்து? கொஞ்சம் சொல்லேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.