தாலியை நட்ட பாத்தி

புதிதாக வாங்கிய கருவி சத்தம் போட்டால், அது நன்றாக வேலை செய்கிறது என்றுதான் ஆண்பிள்ளைகள் நாங்கள் நினைப்போம்.

மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து லேத் ஓட்டுகிற எனக்கு மெட்டல் டிடெக்டர் எதற்கு? (என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.) வீடியோ பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது, பரண்மேல் கிடந்தது. அதற்கும் ஒரு வேளை வந்தது. தளிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் கொழுந்தியாள் ஸ்டெல்லா, முட்டைக்கோஸ் நாற்று நடும்போது தாலியைத் தொலைத்துவிட்டாள். கயிறு இற்று அறுந்திருக்கிறது. முந்தின நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் ஷிப்டு முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், கருவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே நட்ட நிலத்தில் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள். ஸ்டெல்லா என் காலையே பார்த்தாள்.

"மிஷின் ஓட்றப்ப ஷூ கழட்டக் கூடாதும்மா. கம்பெனி ரூல்" என்றேன். (கம்பெனி எங்கே இருக்கிறது, தளி எங்கே இருக்கிறது!)

சென்சிடிவிட்டியை முழுசாக ஏற்றினேன். முதல் வீச்சிலேயே அலறியது. ஸ்டெல்லாவின் கணவன் ஜோசப் அங்கே மண்வெட்டியால் வெட்டினான். ஒன்றுமில்லை. அடுத்த அடி வைத்தேன்; மறுபடி அலறல், மறுபடி குழி. நாற்றுகள் வேரோடு கிடந்தன.

"மண்ணுல இரும்பு ஜாஸ்தி" என்று விளக்கினேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று, "ஏனு சிக்து?" என்றார். (என்ன கிடைத்தது என்று கன்னடத்தில் கேட்கிறார்.)

"குழிதான் சிக்கிருக்கு" என்றான் ஜோசப்.

ஸ்டெல்லா மெதுவாக வந்தாள். "மாமா, சொன்னா கோச்சுக்காதீங்க. அது தூரமாப் போறப்ப சும்மா இருக்குது. உங்க காலுக்கிட்ட வர்றப்ப மட்டுந்தான் கத்துது."

குனிந்து பார்த்தேன். சேஃப்டி ஷூ. முனையில் இரும்புத் தொப்பி. அதுவரை நான் என் கால்விரல்களைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்தேன். மண் சில்லென்றிருந்தது. அந்த மண்ணுக்கே கத்தாதபடி கருவியைப் பழக்கி, சென்சிடிவிட்டியைக் குறைத்தேன். ஸ்டெல்லாவின் மோதிரத்தைத் தரையில் வைத்து, தங்கத்தின் குரல் எப்படி என்று கேட்டுக்கொண்டேன். பிறகு கருவியின் அடித்தட்டைத் தரையோடு ஒட்டினாற்போல் பிடித்து, போன வழியில் பாதியை மறுபடி தொட்டுக்கொண்டே நிதானமாக வீசினேன்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! துரு ஆணிக்கு ஒரு குரல், மருந்துப் பொட்டலத்தின் பளபளத் தாளுக்கு ஒரு குரல், உடைந்த களைக்கொத்துக்கு ஒரு குரல். கண்ணுக்கு வெறும் செம்மண். காதுக்கு ஒரு ஊரே குடியிருந்தது. மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

நாலாவது பாத்தியில் மோதிரத்தின் அதே மெல்லிய குரல் கேட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடிப்போய், அந்தக் குரல் கேட்கட்டும் என்று தன் பம்பு மோட்டாரை நிறுத்தினார். ஸ்டெல்லா தானே கையைவிட்டாள். ஒரு நாற்றின் வேருக்கடியில், சிலுவை பொறித்த தாலி. நாற்றோடு சேர்த்து அதையும் நட்டு, அழுத்திவிட்டிருக்கிறாள். துடைக்காமல், மண்ணோடே முத்தமிட்டாள். எனக்குக் கருவியை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

நான் தோண்டவைத்த இடத்தில் நாற்று பிடிக்கவில்லை. மழைத்தண்ணீர் தேங்கிக் குழிகளாகவே நின்றது. அதை வைத்துக் குடும்பமே ரொம்ப நாள் சிரித்தது. போன மாதம் அங்கே போயிருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த பெண்களிடம் ஸ்டெல்லா சொன்னாள்: "மாமா குழிக்கு அந்தாண்டயிருந்து களையெடுங்க."

அவர்கள் ஏதோ ஊர்ப்பெயரைக் கேட்டதுபோல் தலையாட்டிவிட்டு நேரே அங்கே போனார்கள். அந்த மாமா யார் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.