நிற்காத தண்ணீரும் நான் கொட்டிய காபியும்

தாராவியில் வளர்ந்த பெண்ணை எங்கே வேண்டுமானாலும் நம்பி அழைத்துப் போகலாம், ஓடுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். இதைச் சொல்வது நானில்லை, என் மாமனார். அவர் பட்ட பாடு அப்படி. (அந்தப் பாடுகளுக்குக் காரணமே நான்தான் என்பதால் மறுத்துப் பேசும் தகுதி எனக்கில்லை.)

எங்கள் சந்தில் தண்ணீர் வருவது காலையில் இரண்டு மணி நேரம், அதுவும் உத்தேசமாக. குழாய் முதலில் வெறும் காற்றாக இருமும். அந்தச் சத்தம் கேட்டால் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் வாயில் நுரையோடு ஓடுவார்கள். குடம், வாளி, குக்கர், டிபன் டப்பாவின் மூடி என்று வீட்டில் குழிவாக எது இருந்தாலும் நிரம்பிவிடும். பத்தாவது படிக்கும்போதே அந்தக் குழாயடி வரிசைக்கு நான்தான் நாட்டாமை. என் குரலுக்குப் பயந்து குழாயே கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடுகிறது என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

இந்தக் குரலை ஒளித்து வைத்துக்கொண்டுதான் கார்த்திக்கைக் காதலித்தேன். ஆபீசில் அடுத்த மேசைக்காரன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். அப்பா ரிட்டையரான ஆபீசர். அம்மா விசாலம் மாமி சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். எங்கள் வீட்டில் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். மாமி மட்டும், "ஒரு நாள் பொண்ணு கூட இருந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றாராம். என் கல்யாணம் மொத்தமும் அந்த ஒரு நாளில் தொங்கியது.

மும்பையைத் தாண்டி, கர்ஜத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் மரங்கள் அடர்ந்த ஒரு பூங்கா. அங்கே பாறைக்குள்ளிருந்து ஊற்று வருகிறது, அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு பஞ்சாக வேகும் என்று யாரோ மாமியிடம் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு கேனோடு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினோம்.

"அம்மாக்குச் சத்தம் ஆகாது. மாமின்னு கூப்பிடு. மத்தபடி சும்மா சிரி, போதும்" என்று கார்த்திக் காதில் ஓதினான். சிரித்தேன். கர்ஜத் வருவதற்குள் கன்னம் இரண்டும் வலித்தன.

பூங்கா நிஜமாகவே அழகு. நாவல் மரங்களும் மூங்கிலும் வழி நெடுக நிழல் விரித்திருந்தன. கீழே ஆறு. மாமி நின்றால் நின்றேன், மாமி குருவியைப் பார்த்தால் நானும் பார்த்தேன். (குருவி எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

ஊற்றடியில்தான் கதை மாறியது. தண்ணீர் ஒரு கல் வாயிலிருந்து மணிக்கட்டுத் தடிமனில் விழுந்துகொண்டிருந்தது. பிக்னிக் வந்த ஒரு கூட்டம் நீலக் கேன்களோடு அதை அடைத்துக்கொண்டு நின்றது. மாமி, "எக்ஸ்கியூஸ் மீ" என்றார். மூன்று முறை சொன்னார். நான்காவது முறை ஒருவன் கேனால் அவர் முழங்கையை இடித்துவிட்டு முன்னால் போனான்.

"நமக்கு வேண்டாம், விட்டுடு விசாலம்" என்றார் மாமா. மாமி தன் காலி கேனைப் பார்த்தார். நான் அந்த முகத்தைப் பார்த்தேன்.

"ஏ பாய், டப்பா பீச்சே லே. லைன் கிதர் ஹை, திக்தா நஹி க்யா?"

டப்பாவைப் பின்னால் எடு, வரிசை எங்கே என்று கண் தெரியவில்லையா என்று இந்தியில் கத்தியது நான்தான். மரத்திலிருந்து இரண்டு காக்கைகள் பறந்தன. கார்த்திக் மூங்கில் புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. எங்கள் கேன்கள், ஒரு மராத்திக்கார அம்மாவின் சொம்பு, நீலக் கேன்கள் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்தேன். மும்பையில் பாத்திரம் வரிசையில் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒரு முறைக்கு ஒரு கேன், அடுத்த கேனுக்கு மறுபடி கடைசியிலிருந்து வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. அவர்களும் ஏதோ ஒரு குழாயடியில் வளர்ந்தவர்கள்தானே. இடித்தவனே, "தீதி, மேரா நம்பர் கப்?" என்று தன் முறை எப்போது வரும் என்பதைப் பணிவாகக் கேட்டான்.

எல்லாருக்கும் நிரம்பியது. கூட்டம் ஆற்றில் குளிக்கக் கிளம்பிப் போனது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். தண்ணீர் வருகிறது, வரிசையில் ஆளே இல்லை. பிறந்ததிலிருந்து நான் காணாத காட்சி.

"அத்த, பைல இருக்கதெல்லாம் எடுங்க. சீக்கிரம், தண்ணி போயிரும்லா" என்று கத்தினேன். மாமி என்ற வார்த்தையே மறந்துபோனது. அவர் திகைத்துப்போய் ஒவ்வொன்றாக நீட்டினார். தம்ளர், கிண்ணம், டிபன் டப்பா. காலியாக இருந்ததை நிரப்பினேன், காலியாக இல்லாததைக் காலி செய்து நிரப்பினேன். கடைசியாக ஒரு பிளாஸ்க். திறந்து, கவிழ்த்து, அலசிப் பிடித்தேன். மண்ணிலிருந்து அருமையான வாசனை கிளம்பியது. மாமாவின் மூன்று மணிக் காபி.

பக்கத்தில் நின்ற பூங்கா வாட்ச்மேன் இந்தியில் கேட்டார், ஏன் இவ்வளவு அவசரம் என்று. தண்ணீர் நின்றுவிடுமே என்றேன். "எங்கே நிற்கும்? ஊற்று அம்மா இது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஓடுகிறது" என்றார்.

என்னைச் சுற்றிப் பதினான்கு பாத்திரங்கள் ததும்பிக்கொண்டிருந்தன.

"விசாலம், காபி?" என்றார் மாமா, மெதுவாக.

என் கல்யாணம் அந்தக் காபியோடு சேர்ந்து மண்ணில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அழுகை வந்தது. "மன்னிச்சிருங்க அத்த. எங்க பக்கம் தண்ணி டயத்துக்குத்தான் வரும், அந்தப் பழக்கம். நான் சத்தமாத்தான் பேசுவேன். காலைல இருந்து நடிச்சுட்டு இருக்கேன்."

மாமி முழங்கையைத் தடவிக்கொண்டார். "கார்த்தி, இங்க வா" என்றார். அவன் தலையில் மூங்கில் இலையோடு வந்தான்.

"நம்ப பில்டிங்குக்கு டேங்கர் வந்தா, வரிசைல நான் எத்தனாவது?"

"கடைசிம்மா."

"எத்தனை வருஷமா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து."

மாமி மாமாவின் பக்கம் திரும்பினார். "ஏன்னா, கல்யாணத்தை ஏப்ரலுக்குள்ள முடிச்சுடணும். மே மாசம் தண்ணி கட் ஆயிடும், டேங்கர்தான்."

அப்படித்தான் முடிந்தது. மே மாதம் முதல் டேங்கர் வந்தபோது, மாமியின் வாளி முதல் இடத்தில் இருந்தது. மாமி அதற்குப் பக்கத்தில் பட்டுப் புடவையில் நின்றார். (டேங்கருக்குப் பட்டுப் புடவை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேனே.)

எட்டு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் நான் கை கழுவக் குழாயைத் திறந்தால், ஹாலில் இருக்கும் மாமா, சூடு என்றும் பாராமல் காபியை ஒரே மடக்கில் குடித்துவிடுவார். வந்த விருந்தாளிகள் விழிப்பார்கள். மாமி மட்டும் அசையாமல் சொல்வார்:

"மெதுவாக் குடிங்கோளேன். கொட்டினா கொட்டிட்டுப் போறா. வேற கலந்து தரேன், தண்ணிதான் நெறைய இருக்கே."