என் வீட்டு உரலுக்கு வந்த மணப்பெண்

குமாசி,
ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு.

ஹாம்பர்க் மாநகரில் குளிரோடு மல்லுக்கட்டும் என் மருமகன் ஓபிரிக்கு, பதினோரு அறை வீட்டின் ஏகச் சக்கரவர்த்தியும் உன் அம்மாவின் ஒரே தம்பியுமான அசுமாடு ஆசிகளோடு எழுதிக்கொண்டது. நான் நலம். ஆடுகள் இரண்டும் நலம். பூட்டிக் கிடக்கும் பத்து அறைகளும் நலம். நீ நலமா என்பதை நீ எழுதினால்தானே தெரியும்.

இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் கிளம்பிப் போனபிறகு நம் வீட்டில் உரல் சத்தம் நின்றுபோயிற்று. வெந்த மரவள்ளியை ஃபூஃபூ மாவாக இடிக்க இரண்டு பேர் வேண்டும், உனக்கே தெரியும்; ஒருவர் உலக்கை போட, ஒருவர் உட்கார்ந்து ஈரக்கையால் மாவைத் திருப்பிவிட. நான் ஒற்றை ஆள், கடையில் சோறு வாங்கித் தின்றேன். மூணு மணி ஆனா தெருவுல எல்லா வீட்டிலயும் டொக் டொக்னு கேக்குது, நம்ம வீடு மட்டும் ஊமை. தெருக்காரங்க பாவப்பட்டு மூடி போட்ட சட்டியில சூப்பு கொண்டாந்து தர ஆரம்பிச்சாங்க. பசிகூடப் பரவாயில்லடா, அந்த மூடியைத் திறக்கும்போது அவங்க பாக்குற பார்வை இருக்கே, அதைத்தான் தாங்க முடியல. ஆகவே உன் மாமன் நான் மகத்தான ஒரு முடிவெடுத்தேன்: தினமும் மூன்று மணிக்கு வெறும் உரலை இடிப்பது.

இடித்தேன். பூமி அதிர்ந்தது. ஏரியில் மீன்கள் கரையேறின. சட்டிகள் வருவது நின்றது. ஆனால் அசுமாடு வீட்டில் மாவு திருப்ப ஆள் வந்தாச்சு, ரகசியமாகக் கல்யாணம் முடித்துவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நம் குடும்பத் தலைவர் ஜின் புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, வழக்கப்படி பெண் வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்காமல் எப்படிக் கட்டினாய் என்று விசாரணை நடத்தினார். சபைப் பெண்கள் நானூறு பேர் வெள்ளுடையில் வந்து மணப்பெண்ணுக்காக முற்றத்தில் பாடினார்கள். குளிச்சிட்டிருக்கா, கூச்ச சுபாவம்னு சொன்னேன். மூணு நாளா குளிக்கிறாளான்னு ஒருத்தி கேட்டா. உள்ளூர் வானொலிக்காரன்கூட வந்து குளியலறைக் கதவைப் பேட்டி எடுத்தான்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் போக்குவா வந்தாள். புருஷனைப் புதைத்து ஆறு வருஷமாகக் கெங்கே என்ற சோள உருண்டை விற்றுப் பிழைப்பவள். உரலுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை.

"அசுமாடு ஐயா, மாவைத் திருப்புற கைக்கு நீங்க நடுவுல நேரமே விடலியே. அங்க ஒரு கை இருந்திருந்தா இந்நேரம் நசுங்கியிருக்கும்" என்றாள்.

நானூறு பேரும் உரலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவள் தன் வீட்டில் வெந்த மரவள்ளியை உரலில் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு முக்காலியில் அமர்ந்தாள், நான் இடித்தேன், அந்த ஒரே உருண்டை ஃபூஃபூவில் ஊரே சாப்பிட்டு, மிச்சத்தை ஆடுகளும் தின்றன.

உனக்கும் உன் மனைவிக்கும் உடம்பில் சூடும் வீட்டில் மழலைச் சத்தமும் குறையாமல் இருக்க நம் முன்னோர் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
அசுமாடு.

பி.கு.: குடும்பத் தலைவர் வரவில்லை. நானூறு பேரும் இல்லை, வானொலிக்காரனும் இல்லை. மணப்பெண் பேச்சை யாரும் பேசவுமில்லை. போக்குவா அந்தக் கையைப் பற்றிச் சொன்னது மட்டும் நிஜம். புதன்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக, சிரிக்காமல் சொன்னாள். நான் உலக்கையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு மரவள்ளியை இரண்டு பேருக்கு வேகப் போட்டிருக்கிறேன். மணி இரண்டே முக்கால்.